ஆடிய நட்சத்திரமும் தவுக்கேயின் பம்பளிமாசும்

1. முதல் நாள்

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதி டயர் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கடை திறந்ததிலிருந்து மூடும் வரை நான் பேசியவை இரண்டே சொற்கள். ஒன்று "ஆமா", இன்னொன்று "இல்ல". அந்த இரண்டையும் தலையை ஆட்டியே முடித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

நான் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். நான் ஈப்போவுக்கு வந்தேன். அது எழுபதுகளின் நடுப்பகுதி. மரத்திலிருந்து வடியும் ரப்பரை விட்டுவிட்டுக் காரில் ஓடும் ரப்பரிடம் வந்து சேர்ந்தேன் என்று பாலு சொல்வான்.

பாலு எனக்கு முன்பே அந்தக் கடையில் இருந்தவன். கடை முதலாளியை நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவர் சீனர். அவருடைய அப்பா ஒரு தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு கோலிக்குண்டு விளையாடி வளர்ந்ததால் தவுக்கேயின் தமிழ் என்னுடைய தமிழைவிடச் சரளம். திட்டும்போது இன்னும் சரளம். அவ்வப்போது ஒரு 'லா' மட்டும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

"பேரு என்னா?" என்று கேட்டார்.

ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்டினேன்.

"ரெங்கசாமி. சரி. ஊமையாலா?"

"ஊமை இல்ல தவுக்கே," என்றான் பாலு. "நேத்து முக்குக் கடையில 'இன்னும் கொஞ்சம் சாம்பார்'னு கேட்டான். என் காதால கேட்டேன்."

"சாம்பாருக்குப் பேசுறவன் எனக்குப் பேச மாட்டானா? போ, அந்த டயரக் கழட்டு."

கழற்றினேன். பிறகு பத்து வருடம் கழற்றிக்கொண்டே இருந்தேன்.

கடையில் எனக்குப் பிடித்த வேலை பேலன்ஸ் செய்வது. வேகமாகப் போகும்போது ஸ்டீரிங் கையில் நடுங்குகிறது என்று காடிக்காரர், அதாவது கார் வைத்திருப்பவர், ஒருவர் வந்தால், சக்கரத்தில் எங்கோ ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மிஷின் கிடையாது. காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றி விடுவோம். சுற்றிச் சுற்றி மெதுவாகும். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே, ரிம் விளிம்பில் ஒரு ஈயக்கட்டியைத் தட்டி மாட்டுவோம். மறுபடி சுழற்றுவோம். சக்கரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கும் நிலை வந்தால் வேலை முடிந்தது. அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை. சக்கரமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

2. மிஷின் வரப்போகிறது

எண்பதுகளில் ஒருநாள் தவுக்கே, கரண்டில் ஓடும் பேலன்சிங் மிஷின் வாங்கப்போவதாகச் சொன்னார். சக்கரத்தைப் பூட்டிப் பொத்தானை அமுக்கினால் எந்த இடத்தில் எவ்வளவு ஈயம் வைக்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் நம்பர் வரும். பத்து வருடமாக பேலன்ஸ் செய்பவன் நான். மிஷின் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தவுக்கே கோப்பிக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ரெங்கா, மிஷின பாலுகிட்டக் குடுக்கலாம்னு பாக்குறேன்."

நான் கையிலிருந்த ஈயக்கட்டியை ரிம்மில் தட்டி மாட்டினேன்.

"உன் கை நல்ல கை. ஆனா மிஷின்ல நம்பர் வருதுலா. காடிக்காரன் அது என்னா, இது என்னான்னு கேப்பான். விளக்கம் சொல்லணும். நீ என்னா செய்வ? ஐ.சி.ய எடுத்து நீட்டுவியா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பாலுவின் வாய் அப்படி. பஞ்சரான டயரைக்கூட "டயர் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்குதுண்ணே" என்று சொல்லி ஆளைச் சிரிக்க வைத்துவிடுவான். ஆனால் பேலன்ஸ் செய்யச் சொன்னால், ஈயக்கட்டியை அவன் மனதுக்குப் பிடித்த இடத்தில் மாட்டுவான். "அழகா இருக்குல்ல மச்சான்?" என்று வேறு கேட்பான்.

மிஷின் அவனிடம் போனால் நான் ஆயுளுக்கும் டயர் கழற்ற வேண்டியதுதான். அது எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

3. அருள் வாத்தியாரின் பச்சைக் கார்

அந்தச் சமயத்தில்தான் அருள் வாத்தியார் வந்தார். சிலிபினில் குடியிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் வேலை. தினமும் தன் பழைய பச்சைக் காரில் போய் வருவார். அந்தக் கார் கொஞ்சம் வேகமெடுத்தால் முழுசாக நடுங்கும். வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி இறங்கி இறங்கி நுனிக்கு வந்துவிடும்.

நான் அவருடைய முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு நின்றேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். திடீரென்று கையைத் தட்டினார்.

"இதேதான்யா! அங்கயும் இதேதான்!"

எங்கே என்று நான் பார்வையால் கேட்டேன். அவர் கையை மேலே காட்டினார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கூரை இல்லய்யா. வானம். நட்சத்திரம்."

பிறகு விளக்கினார். நம் சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் தூரத்து நட்சத்திரங்களையும் கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொசு பறந்தால் தெரியுமா? அதுபோல. ஆனால் அந்தக் கோள் பெரிதாக இருந்தால், அது சுற்றும்போது நட்சத்திரத்தையும் கொஞ்சம் இழுக்கும். நட்சத்திரம் மெல்ல ஆடும். கோளைப் பார்க்க வேண்டியதில்லை, ஆட்டத்தைப் பார்த்தால் போதும். உலகத்தில் பலர் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை யாருக்கும் உறுதியாகச் சிக்கவில்லை.

எனக்கு உடனே புரிந்தது. என் வாழ்க்கையில் ஒரு வாத்தியார் சொன்னது உடனே புரிந்தது அதுதான் முதல் தடவை.

"கனம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் ஆடுறது தெரியும்," என்றேன்.

பாலு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "தவுக்கே! ரெங்கா பேசிட்டான்! சாம்பார் எதுவும் இல்லாமலே பேசிட்டான்!"

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தாங்களே செய்த பாடக் கருவிகளைக் காட்டும் கண்காட்சி ஒன்று ஈப்போவில் நடக்க இருந்தது. அதற்கு இந்த ஆடும் நட்சத்திரத்தைச் செய்து வைக்க வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. எங்கள் கடையில் வைத்துச் செய்யலாமா என்று தவுக்கேயிடம் கேட்டார்.

தவுக்கே பாதியைத்தான் காதில் வாங்கினார். நட்சத்திரம் என்றதும் ஏதோ கோயில் விஷயம் என்று நினைத்திருக்கலாம். "செய்ங்க, செய்ங்க. ஆனா என் கடை போர்டு அதுல இருக்கணும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெங்கா, நீயும் வாத்தியாரோட போய் நில்லு. நாலு பேர் முன்னால வாயத் தொறந்து பேசு. பேசிட்டன்னா மிஷின் உனக்கு. பேசலன்னா பாலுக்கு. சரியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"பாத்தியா, இப்பவும் தலையத்தான் ஆட்டுறான்," என்றார் தவுக்கே.

4. நட்சத்திரம் கட்டியது

மதியச் சாப்பாட்டு நேரங்களில் அதைக் கட்டினோம். ஆணியடித்த மரச்சட்டம் ஒன்று. அதன் குறுக்குக் கட்டையிலிருந்து பழைய டியூபை வெட்டிய ரப்பர் பட்டைகளில், வேகம் குறைத்த ஒரு மேசை விசிறியின் மோட்டாரைத் தலைகீழாகத் தொங்க விட்டோம். மோட்டாரைச் சுற்றிப் பால் நிறக் கண்ணாடிக் குளோப், உள்ளே பெரிய பல்பு. அதுதான் நட்சத்திரம். மோட்டாரின் தண்டு குளோப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்டில் ஒரு தட்டு. தட்டிலிருந்து ஒரு நீளமான கம்பி. கம்பியின் நுனியில் கறுப்புச் சாயம் பூசிய சின்ன ரப்பர் பந்து. அதுதான் கண்ணுக்குத் தெரியாத கோள்.

சுவிட்சைப் போட்டதும் கம்பி மெதுவாகச் சுற்றியது. பந்தின் கனத்தால் குளோப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது. வெள்ளை வெளிச்சம் சுவரில் அசைந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தவுக்கே தன் போர்டைக் கொண்டுவந்து சட்டத்தில் அறைந்தார். சிவப்பில் எழுதியிருந்தது: "எங்களிடம் வந்தால் ஆட்டம் நிற்கும்."

அதற்கு மேலே நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. தவுக்கே அதையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

5. பட்டுப்போல ஓடியது

கண்காட்சி ஈப்போவில் ஒரு பள்ளி மண்டபத்தில். சீனப் பெருநாள், அதாவது சீனப் புத்தாண்டு, முடிந்த வாரம். கடையின் சின்ன லாரியில் நட்சத்திரத்தை ஏற்றித் தவுக்கேயே ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு சாக்கில் தம்பூன் ஊர்ப் பம்பளிமாஸ். பெருநாள் சமயத்தில் எங்கே போனாலும் பம்பளிமாஸ் கொடுக்காமல் வரமாட்டார். ஒவ்வொரு பழமும் பச்சைப் பிள்ளையின் தலையளவு இருக்கும்.

வாத்தியார் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"என்னா சார்?"

அவர் தொண்டையைக் காட்டினார். பிறகு என் காதருகே வந்து கிசுகிசுத்தார். "நேத்துப் பள்ளியில விளையாட்டுப் போட்டி. நாள் பூரா கத்தினேன். குரல் போயிருச்சு. நான் சொல்லச் சொல்ல நீ சத்தமாச் சொல்லிரு."

குரல் இருக்கிறவனுக்குப் பேச வராது. பேச வருகிறவருக்குக் குரல் இல்லை. பாலு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு தேறும் மச்சான்," என்றான்.

மேசையில் வைத்துச் சரிபார்ப்பதற்காகச் சுவிட்சைப் போட்டேன். கம்பி சுற்றியது. பந்து சுற்றியது. நட்சத்திரம் அசையவில்லை. ஒரு துளி நடுக்கம் இல்லை. பட்டுப்போல ஓடியது. நான் பத்து வருடத்தில் செய்த எந்த பேலன்சும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"எப்படி? காலையில நீங்க வரதுக்கு முன்னால நானே செஞ்சேன். என் போர்டப் போட்டுக்கிட்டு இப்படி ஆடுற சாமான் கடைய விட்டு வெளிய போனா மானம் போயிடும்லா. தட்டுக்கு உள்பக்கமா, பந்துக்கு எதிர்ப்பக்கத்துல ஈயம் வெச்சேன். இத்தன வருசமா உன்னப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

"தவுக்கே, அது ஆடணும்," என்றேன்.

"என்னாது?"

"ஆடணும் தவுக்கே. ஆடுறதுக்குத்தான் அதைச் செஞ்சோம்."

"அலாமாக்! ஆடுறதுக்குன்னு ஒரு சாமான யாராச்சும் செய்வாங்களா?"

ஈயத்தைப் பிடுங்கிவிடலாம் என்று தட்டைத் தொட்டுப் பார்த்தேன். இரும்பு ஒட்டும் பசை கல்லாகியிருந்தது. "என் காலத்துக்கும் கழலாது," என்றார் தவுக்கே. இந்தத் தடவை பெருமை இல்லாமல் சொன்னார்.

பாலு ஒரு யோசனை சொன்னான். "பந்தப் பிச்சிப் போட்டுடுங்க. ஈயம் மட்டும் இருந்தா ஒரு பக்கம் கனமாகி ஆடும்ல?"

வாத்தியார் என் காதில் கிசுகிசுத்தார். நான் எடுத்துச் சொன்னேன். "கோளே இல்லாம நட்சத்திரம் ஆடுதுன்னு காட்டுனா, பேய் புடிச்சிருக்குன்னு எழுதிருவாங்களாம்."

மண்டபத்தின் மறுகோடியில் நடுவர்கள் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு மேசைதான் இருந்தது.

6. பம்பளிமாஸ்

பந்தின் பக்கம் கனத்தைக் கூட்டினால் மறுபடி ஆடும். அது எனக்குத் தெரிந்த கணக்கு. பாலுவிடமிருந்த ஸ்பேனரை வாங்கிப் பந்தோடு சேர்த்துக் கட்டினேன். கம்பி வாழைத்தார் தூக்கிய மரம்போல வளைந்து மேசையைத் தொட்டது. நுனியில் கனம் வைத்தால் கம்பி தாங்காது. தண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தாங்கும். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் வைக்கும் கனம் பெரிய கனமாக இருந்தால்தான் ஆட்டம் வரும்.

சாக்கைப் பார்த்தேன். ஒரு பம்பளிமாசை எடுத்தேன். டயர் கடைக்காரன் பையில் டியூப் ரப்பர் பட்டை எப்போதும் கிடக்கும். நாலு சுற்றுச் சுற்றி, குளோப்புக்குக் கீழே, கண்ணாடியை உரசாத குறையாகக் கம்பியின் அடியில் கட்டினேன்.

வாத்தியார் என் கையைப் பிடித்து இழுத்தார். "அவ்வளவு பெருசு அவ்வளவு கிட்ட இருக்கக் கூடாதுய்யா!" என்று காற்றாகக் கத்தினார்.

"வேற வழி இல்ல சார்."

சுவிட்சைப் போட்டேன். பம்பளிமாஸ் ஒரு சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான். நட்சத்திரம் பேயாட்டம் ஆடியது. சட்டம் கிரீச்சிட்டது. வெளிச்சம் கூரைக்கும் தரைக்கும் தாவியது. பக்கத்து மேசையில் மண் வகைகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த ஆசிரியை தன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. ஆடும் நட்சத்திரத்தைப் பார்த்தார். கீழே போர்டைப் படித்தார். "எங்களிடம் வந்தால் ஆட்டம் நிற்கும்." மறுபடி நட்சத்திரத்தைப் பார்த்தார்.

"யார் விளக்கம் சொல்வது?"

வாத்தியார் என்னைக் காட்டினார். சுற்றிலும் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து தவுக்கேயின் குரல் வந்தது.

"ரெங்கா! ஐ.சி. வேண்டாம்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே நடுவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு எப்படியோ வாய் திறந்தது.

"சார், உங்க காடி வேகமாப் போனா ஸ்டீரிங் ஆடுமா?"

"என்னிடம் கார் இல்லை. பஸ்ஸில் வந்தேன்."

"பஸ் ஆடிச்சா சார்?"

"பலமாக ஆடியது."

"அதான் சார். சக்கரத்துல ஏதோ ஒரு பக்கம் கனம் கூடி இருக்கு. அது உங்களுக்குத் தெரியாது. ஆட்டம் மட்டும் தெரியுது. நட்சத்திரமும் அப்படித்தான். பக்கத்துல இருக்கிற கோள் தெரியாது. அது இழுக்குறதால நட்சத்திரம் ஆடுறது தெரியும். ஆட்டத்த வெச்சு, அங்க ஒண்ணு இருக்கு, இவ்வளவு கனம், இவ்வளவு நேரத்துல சுத்துதுன்னு சொல்லிரலாம்."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். வாத்தியார் கிசுகிசுப்பதையே நிறுத்திவிட்டார். நடுவர் தலையசைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை இது?"

பல்பின் சூட்டில் பம்பளிமாசின் தோல் வெந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்கப் பழ வாசனை. நடுவர் குனிந்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னார். கறுப்புப் பந்தைப் பார்த்தார், பிறகு பழத்தைப் பார்த்தார்.

"இதுவா கோள்?"

"ஆமா சார்."

"இவ்வளவு பெரியதை நட்சத்திரத்துக்கு இவ்வளவு அருகில் ஏன் வைத்தீர்கள்? நம் சூரியக் குடும்பத்தில் பெரிய கோள்கள் எல்லாம் தூரத்தில்தானே இருக்கின்றன? இந்தச் சூட்டில் அப்படி ஒன்று இருக்க முடியாதே. பழமே வெந்துவிட்டது பாருங்கள்."

வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியாது சார். இதுக்கு மேல தூரமா வெச்சா கம்பி தாங்காது. ஆனா ஆடுது. ஆடுனா பக்கத்துல கனமா ஏதோ இருக்கு. எங்க கடையில எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"கடையில் சரி," என்றார் நடுவர் அன்பாகவே. "வானத்தில் சரியில்லை."

முதல் பரிசு மண் வகைகளுக்குக் கிடைத்தது.

7. லாரியில்

திரும்பும்போது முன்சீட்டில் தவுக்கே, நான், நடுவில் நட்சத்திரத்தின் குளோப். பின்னால் சட்டத்தோடு பாலு. போர்டுக்கு மேலே நட்சத்திரம் பேயாட்டம் ஆடியதை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. பரிசும் இல்லை. மிஷின் போயிற்று என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

சிவப்பு விளக்கில் லாரி நின்றது.

"தெரியாதுன்னு சொன்னல்ல?" என்றார் தவுக்கே.

"மன்னிச்சிருங்க தவுக்கே."

"எதுக்குலா மன்னிப்பு? பாலு இருக்கானே, அவன் தெரியாதுன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? எது கேட்டாலும் அவன்கிட்டப் பதில் இருக்கும். காடிக்காரன் சிரிப்பான், ஆனா நம்ப மாட்டான். நீ தெரிஞ்சதச் சொன்ன, தெரியாததத் தெரியாதுன்னு சொன்ன. அந்தப் பெரியவர் உன்னத் தப்புன்னுதான் சொன்னாரு. ஆனா கடைசி வரைக்கும் நின்னு கேட்டாருல்ல? மிஷின் உனக்குத்தான்."

பின்னாலிருந்து பாலு கண்ணாடியைத் தட்டினான். "தவுக்கே! எனக்குக் காது கேக்குது!"

"கேக்கட்டும்னுதான்லா சொல்றேன்!"

நான் பாலுவிடம் பிறகு மெல்ல வருத்தம் சொல்லப் போனேன். "போ மச்சான்," என்றான். "அந்தச் சிவப்பு நம்பர நெனச்சாலே எனக்குத் தலை சுத்துது. நான் ஆளுங்கள சிரிக்க வெக்கிறேன், நீ சக்கரத்த நிக்க வை."

அடுத்த வாரமே ஒரு கார் வந்தது. கண்காட்சியில் மண் பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்த அந்த ஆசிரியை இறங்கினார். "பம்பளிமாஸ் கடை இதுதானே?" என்று கேட்டார். அவருக்குப் பிறகு இன்னும் நாலைந்து ஆசிரியர்கள் வந்தார்கள். கடையின் உண்மைப் பெயர் யாருக்கும் நினைவில்லை. தவுக்கே கொஞ்ச நாள் முறைத்தார். பிறகு அவரே பெருநாளுக்குப் பெருநாள் மிஷின் மேல் ஒரு பம்பளிமாசை வைக்க ஆரம்பித்தார்.

8. வாத்தியாருக்குக் குரல் இருந்த நாள்

அதற்குப் பிறகு பல வருடம் ஓடிவிட்டது. பச்சைக் கார் போய் வெள்ளைக் கார் வந்தது. வாத்தியாருக்கு முடியெல்லாம் அதைவிட வெள்ளை. ஒருநாள் காலை, பத்திரிகையைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தார். இந்தத் தடவை குரல் நன்றாகவே இருந்தது. எதிர்க்கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"ரெங்கா! கண்டுபிடிச்சிட்டாங்கய்யா! நம்ம பம்பளிமாஸ்!"

நின்றபடியே படித்தார். நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி முதல்முறையாக ஒரு கோள். வியாழன் மாதிரிப் பெரியது. ஆனால் நட்சத்திரத்துக்கு மிக அருகில், கொதிக்கும் சூட்டில் ஓடுகிறது. ஒரு சுற்றை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுகிறது. கோளை யாரும் பார்க்கவில்லை. நட்சத்திரத்தின் ஆட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

"கிட்ட இருக்கிறதாலதான்யா முதல்ல சிக்கியிருக்கு," என்றார். "பெருசு, கிட்ட, வேகம். ஆட்டம் பலமா, சட்டுச் சட்டுன்னு வரும். தூரமா இருக்கிறது ஒரு ஆட்டம் ஆடி முடிக்கவே வருசக்கணக்காகும். அந்த நடுவர் வீடு எனக்குத் தெரியும். வா, இப்பவே போய்க் காட்டலாம்."

"வேண்டாம் சார்," என்றேன். "அன்னிக்கு அவருக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவர் சொன்னது சரிதான். நானும் தெரிஞ்சா கட்டுனேன்? கம்பி தாங்காதுன்னு கட்டுனேன்."

"தவுக்கே ஒட்டுன ஈயத்துக்குத்தான் பரிசு குடுக்கணும்," என்றான் பாலு.

தவுக்கேக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம். "ஒரு வாரத்துல ஒரு சுத்தா?" என்று திருப்பிக் கேட்டார். "அப்ப ஒரு வாரம் முடியிறதுக்குள்ள அங்க ஒரு வருசம் முடிஞ்சிரும்?"

"ஆமா தவுக்கே."

தவுக்கே விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப வாரா வாரம் சீனப் பெருநாள். எத்தன பேருக்குலா பழம் குடுக்குறது? நான் அங்க கடை போட மாட்டேன்."

டயர் கடைகளில் இப்போது சேருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றும் இல்லை. சக்கரம் ஆடினால் உடனே ஈயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தவுக்கே செய்ததும் அதுதான். ஆட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார், அது எதைக் காட்டுகிறது என்று கேட்கவில்லை. கொஞ்சம் ஆட விட்டுப் பாருங்கள். சில சமயம் ரிம் வளைந்திருக்கும், சில சமயம் டயரே புடைத்திருக்கும். ஈயத்தை வைத்து ஆட்டத்தை மறைத்துவிட்டால் அதையெல்லாம் அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் இன்றும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு முதலில் சும்மா நிற்கிறேன். காரின் சொந்தக்காரருக்குப் பொறுக்காது.

"என்னாண்ணே, என்னா கோளாறு?"

"இன்னும் தெரியல. பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று சத்தமாகவே சொல்கிறேன்.